கருத்தடைக்குக் காசு வேண்டாம், காப்பீட்டு அட்டையும் வேண்டாம்

கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் இருப்பவர்கள் மெடிக்கலில் காசு கொடுக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நிரோத் ஆணுறை, தினமும் போடும் மாலா என் மாத்திரை, வாரக் கணக்கில் போடும் சாயா மாத்திரை, அந்தரா ஊசி, கருப்பையில் வைக்கும் காப்பர் டி எல்லாமே அரசுத் திட்டத்தில் இலவசம். ஆணுறையும் மாத்திரையும் கிராம சுகாதாரச் செவிலியரிடமே கிடைக்கும்.

அதிகம் குழம்புவது சாயாவில்தான். மாதவிடாயின் முதல் நாள் முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் அடுத்தது புதன். இப்படி வாரம் இரண்டு, 3 மாதம். பிறகு ஞாயிறு மட்டும். 3 மாதம் முடியும் முன்பே வாரம் ஒன்றாகக் குறைத்தால் பலன் குறையும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் வேண்டும். 7 நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இது ஹார்மோன் மாத்திரை அல்ல. பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம்.

அந்தரா 3 மாதத்துக்கு ஒரு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். மழையில் பாதை அடைபடும் என்று தெரிந்தால் அடுத்த ஊசியைத் தவணைக்கு 2 வாரம் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சந்தேகத்துக்கு 104 சுகாதார உதவி எண்.