எட்டுத் தளத்தில் செப்பு ஒட்சைட்டு: மடிக்கணினியில் ஹபார்ட் மாதிரி

லந்தனம் செப்பு ஒட்சைட்டில் செப்பு அணு ஒன்றுக்கு ஓர் இலத்திரன் பட்டையில் நிற்கிறது. சாதாரண பட்டைக் கொள்கைப்படி அது உலோகம். உண்மையில் அது மின்னைக் கடத்தாத காவலி. ஒரே செப்பில் இரண்டு இலத்திரன்கள் சேர்ந்தால் செலுத்த வேண்டிய சக்திதான் காரணம். அதை யூ என்போம். பக்கத்துச் செப்புக்குத் தாவும் சக்தி டி. இந்த இரண்டு எண்களை மட்டும் கொண்டதே ஹபார்ட் மாதிரி. 1987இல் பௌதிகவியலாளர் பிலிப் அண்டர்சன், செப்பு ஒட்சைட்டுகளாலான உயர் வெப்பநிலை மீக்கடத்திகளுக்கு (தடையின்றி மின்னைக் கடத்துபவை) இதையே முன்வைத்தார். இதைப் பழக, மீக்கடத்தியைக் குளிர்விக்கும் திரவ நைதரசனைத் திருகோணமலையில் தேடி அலைய வேண்டியதில்லை. 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியும் பைத்தனும் போதும்.

கணினியைத் திறக்குமுன் இரண்டு தளங்களுக்கு (ஒரு செப்பு அணு ஒரு தளம்) கையால் கணக்குப் போடுங்கள். இரண்டு இலத்திரன்களுக்கு மிகத் தாழ்ந்த சக்தி (யூ − √(யூ² + 16டி²)) / 2. இரு இலத்திரன்களின் சுழல்களும் (மேல் அல்லது கீழ் நோக்கும் காந்தத் திசை) ஒரே திசையில் இருந்தால் சக்தி பூச்சியம். வித்தியாசம்தான் காந்தப் பிணைப்பு, ஜே. யூ பெரிதானால் அது 4டி²/யூ ஆகும். டி = 0.4 இலத்திரன்வோல்ற்று, யூ = 8டி என்றால் முழுச் சூத்திரத்தில் 0.19 வரும், நியூத்திரன் சிதறல் பரிசோதனை தருவதோ ஏறக்குறைய 0.13. யூ = 12டி என்று வைத்தால் 0.13 கிடைக்கும். யூ = 8டிதான் வேண்டுமென்றால் டியை 0.28 அளவுக்குக் குறையுங்கள். கட்டுரைகளில் எல்லோரும் 8 போடுகிறார்கள் என்று நீங்களும் போட்டு, டியை மட்டும் வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்தால் ஜே பிழைக்கும்.

அடுத்தது 2×4 ஏணி. ஒவ்வொரு தளத்திலும் சுழல் ஒன்றுக்கு ஒரு பிற் (0 அல்லது 1) கொடுங்கள். நான்கு மேல்சுழல், நான்கு கீழ்ச்சுழல்: 70 × 70 = 4900 நிலைகள். முழு அணிக்கு 192 மெகாபைற்று போதும், பைத்தனின் நம்பை நூலகம் நேரடியாகவே தீர்க்கும். மேல்சுழல்களை எல்லாம் முதலிலும் கீழ்ச்சுழல்களைப் பின்னும் அடுக்குங்கள். அப்போது ஒரு தாவலின் குறி, இரு தளங்களுக்கும் இடையிலுள்ள அதே சுழல் இலத்திரன்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது: ஒற்றை என்றால் கழித்தல் ஒன்றால் பெருக்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் சறுக்குவது இங்கேதான். வழு எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகும்.

ஆகவே யூ = 0 வைத்துச் சோதியுங்கள். நீளவாக்கில் சுற்று எல்லை (கடைசித் தளம் முதல் தளத்தோடு இணைவது), குறுக்கே படிக்கு ஒரே பிணைப்பு என்றால் விடை −12டி. −16டி வந்தால் குறுக்கேயும் சுற்று எல்லை போட்டிருக்கிறீர்கள். ஒரே படி இரு தடவை எண்ணப்பட்டுள்ளது. வேறு ஏதாவது வந்தால் குறியைப் பாருங்கள்.

இனித் துளைகள், அதாவது எடுத்துவிட்ட இலத்திரன்களின் வெற்றிடங்கள். ஒரு துளைக்கு 3920 நிலைகள், இரண்டுக்கு 3136. இரு துளைச் சக்தியோடு துளையில்லாச் சக்தியைக் கூட்டி, ஒரு துளைச் சக்தியின் இரு மடங்கைக் கழியுங்கள். மறை எண் வந்தால் துளைகள் சோடி சேர விரும்புகின்றன. இதை மீக்கடத்தல் என்று எழுதிவிடாதீர்கள். எட்டுத் தளங்களில் இரண்டு துளைகள் என்றால் 25 சதவீதம். அவை விலகி நிற்கவே இடமில்லை.

4×4க்குப் போனால் 12870 × 12870, அதாவது 16 கோடி 56 இலட்சம் நிலைகள். ஒரு காவிக்கே (நிலைக்கு ஓர் எண் கொண்ட பட்டியல்) 1.3 ஜிபி வேண்டும். அணியைச் சேமிக்க வழியில்லை. அணியால் காவியைத் திரும்பத் திரும்பப் பெருக்கி மிகத் தாழ்ந்த சக்தியைத் தேடும் லாங்சோஸ் முறையில், மூன்று காவிகளோடு, தாவல்களை அவ்வப்போதே கணிக்க வேண்டும். வெறும் பைத்தன் சுற்றுகளால் இது நடக்காது. பைத்தனை வேகமாக்கும் நம்பா அல்லது சி மொழி வேண்டும். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் ஓடவிடுங்கள். மின் போனாலும் தொடரக்கூடியதாகக் கடைசி இரு காவிகளையும், அதுவரை கிடைத்த குணகங்களையும் இடைக்கிடை வட்டில் எழுதுங்கள். சரிபார்க்க: யூ = 0க்கு −24டி, யூ = 4டிக்கு −13.62டி.

ஒரு பொறி உண்டு. அண்டைத் தாவல் மட்டும் உள்ள 4×4 சுற்று வலை, நான்கு பரிமாணக் கனசதுரத்துக்குச் சமம். அதனால் ஒரு துளையின் சக்தி, உந்தம் (π, 0) இலும் (π/2, π/2) இலும் ஒன்றாகவே வரும். அது செப்பு ஒட்சைட்டின் இயல்பு அல்ல, வலையின் விளையாட்டு. மூலைவிட்டத் தாவலாக −0.3டி சேர்த்தால் இரண்டும் பிரியும். லாங்சோஸ் நீண்டு ஓடினால் அதே சக்தி திரும்பத் திரும்பத் தோன்றும். எண்களை மட்டந்தட்டும் வழுவால் காவிகளின் செங்குத்துத்தன்மை குலைவதே காரணம். அவற்றை வேறு வேறு நிலைகளாக எண்ணவேண்டாம். மிகத் தாழ்ந்த பெறுமானத்தை மட்டும் நம்புங்கள்.