ரோட்டரை இளைக்க வைக்கிறேன் என்று பிளேடு நுனியில் கை வைக்காதீர்கள்

ரிமோட்டில் பறக்கும் சின்ன ஆர்.சி. ஹெலிகாப்டர் கொஞ்சம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: ரோட்டர், அதாவது மேலே சுழலும் பிளேடுகளின் எடையைக் குறைத்தால் வண்டி இன்னும் துடிப்பாக இருக்குமே! ஆசையில் தப்பில்லை. மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் 4 கிராமைச் சுழற்ற என்ன பாடோ, 20 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிராமுக்கும் அதே பாடுதான். மதுரை நாகமலைப் பக்கம் வறண்ட கண்மாயில் பறக்கவிட வரும் பையன்கள் இந்தக் கணக்கைக் கேட்ட கையோடு கத்தியை எடுத்துவிடுகிறார்கள்.

நுனி ஈயத்தைப் பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். பல பிளேடுகளில் நுனிக்குப் பக்கத்தில், முன்விளிம்பை ஒட்டி ஒரு குட்டி உலோகத் துண்டைப் புதைத்திருப்பார்கள். ஒரு தம்பி அதைத் தோண்டி எடுத்து, குழியில் பசை ஊற்றித் தேய்த்து, மேலே பளபளவென்று ஸ்டிக்கரும் ஒட்டிக் கொண்டுவந்தான். "சும்மா கிடந்த வெயிட்டுண்ணே, எடுத்துட்டேன்" என்றான்.

சும்மா கிடக்கவில்லை. பிளேடின் அகலத்தில் முன்னாலிருந்து ஏறக்குறைய கால் பங்கில்தான் தூக்குவிசை வேலை செய்கிறது. எடையின் மையமும் அதை ஒட்டி இருக்க வேண்டும். அது பின்னால் நகர்ந்தால், பிளேடு மேலே எழும்போது பின்விளிம்பு பின்தங்கும், முன்விளிம்பு நிமிரும், தூக்குவிசை இன்னும் கூடும். அப்புறம் பிளேடு தானாகவே முறுக்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிடும்.

அவன் மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டிலை ஏற்றியதும் முதலில் படபடவென்று சத்தம். இறக்குடா என்று கத்துவதற்குள் ஒரு பிளேடு பிய்த்துக்கொண்டு கருவேலம்புதருக்குள் போய்விட்டது. இன்னொன்று வால் குழாயை வெட்டியது. மெயின் ஷாஃப்டும் வளைந்தது. பையன் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தான்!

சந்தேகமாக இருந்தால் பிளேடைக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்த ஸ்கேலின் விளிம்பில் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கு ரொம்பப் பின்னால் சமன்பட்டு நிற்கிறதா? மாட்டாதீர்கள்.

ஒரு பிளேடை மட்டும் தேய்ப்பது

நிமிடத்துக்கு 2500 சுற்றில், 20 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிராம் ஏறக்குறைய 1.4 கிலோ கனத்துக்கு வெளியே இழுக்கும். அது ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் வண்டி எப்படி உதறும் என்று யோசியுங்கள். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருப்பது மாதிரி நுணுக்கமான தராசு வேண்டும். மொத்த எடை சரியாக வந்தாலும் போதாது, நீளவாக்கில் இரண்டும் ஒரே இடத்தில் சமன்பட வேண்டும். குறைகிற பக்கம் செலோ டேப் ஒட்டிச் சரிசெய்யலாம்.

ஆடிக் காற்றில் ஃப்ளைபார் எடையை உள்ளே தள்ளுவது

ஃப்ளைபார் என்பது ரோட்டரோடு சேர்ந்து சுழன்று, வண்டியை ஆடாமல் வைக்கும் எடை வைத்த கம்பி. எடையை உள்ளே தள்ளினால் அந்தப் பிடிப்பு குறையும். காற்றடிக்கும் ஆடியில் வேண்டாம். தை வரட்டும்.

கலெக்டிவ் பிட்ச் வண்டிக்கு ரொம்ப லேசான பிளேடு

பறக்கும்போதே எல்லாப் பிளேடுகளின் சாய்வையும் ஒன்றாக மாற்ற முடிகிற வண்டிதான் கலெக்டிவ் பிட்ச் வண்டி. அதில் மோட்டார் நின்றுபோனால் மெதுவாகத் தரையிறக்க உதவுவது ரோட்டரில் மிச்சமிருக்கும் சுழற்சிதான். லேசான பிளேடில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வெயிலுக்கு ரோட்டரைத் திட்டுவது

40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. சித்திரை மத்தியானத்தில் வண்டி எழும்பத் திணறினால் ரோட்டர் என்ன செய்யும்? காலையில் ஏழு மணிக்கு வாருங்கள். கிராம் குறைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த அலங்கார விளக்கையும் அதன் ஒயரையும் முதலில் கழற்றுங்கள்.