விளக்கு வைக்கும் நேரத்து உறக்கம்: நல்ல இரவுத் தூக்கத்துக்கான வழிகளும் நம் வீட்டு நம்பிக்கைகளும்

மாலை ஆறு மணிக்கு வீட்டில் யாரேனும் கண்ணயர்ந்தால் எங்கள் ஆச்சி பொறுக்க மாட்டார். "விளக்கு வைக்கிற நேரத்துல என்னலே உறக்கம், எந்திரி" என்று எழுப்பிவிடுவார். அந்த வேளையில் உறங்குகிற வீட்டுக்குள் மூதேவி நுழைவாள், சீதேவி வாசலோடு திரும்பிவிடுவாள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. உறக்கம் பற்றி நம்மிடையே வழங்கும் நம்பிக்கைகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். சொல்லப்படும் காரணம் எதுவாக இருந்தாலும், இதைக் கடைப்பிடிக்கிறவரின் இரவுத் தூக்கம் காப்பாற்றப்படுகிறது.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச்சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடுகிறது. தூங்கும்போது அது குறைகிறது. மாலையில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால், இரவு பத்து மணிக்கென்று பகல் முழுவதும் சேர்த்துவைத்ததில் ஒரு பகுதியை அப்போதே செலவழித்துவிடுகிறோம். பிறகு பாயில் புரண்டுகொண்டு, தூக்கம் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. பகலில் ஓய்வு தேவைப்படுகிறவர்கள் மதிய உணவுக்குப் பின், மூன்று மணிக்குள், இருபது அல்லது முப்பது நிமிடம் மட்டும் படுத்து எழுந்துகொள்ளலாம்.

காப்பியையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். காஃபீன் அடினோசினை அழிப்பதில்லை. மூளையில் அடினோசின் அமர வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, களைப்பை நாம் உணராமல் செய்கிறது. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காப்பியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. காப்பி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறதே என்பவர்களுக்கும் ஆழ்ந்த உறக்கத்தின் அளவு குறையக்கூடும். ஆகவே, நண்பகலுக்குப் பின் காப்பியையும் கடுந்தேநீரையும் நிறுத்திப் பத்து நாள் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கத்தை ஆளும் இரண்டாவது ஆற்றல் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். அதன் இயங்குமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூன்று அறிவியலாளர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கடிகாரத்தை ஒவ்வொரு நாளும் சரிசெய்வது காலை வெளிச்சம். எனவே நல்ல தூக்கத்துக்கான முயற்சியைப் படுக்கும் நேரத்திலிருந்து தொடங்காமல், எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுந்து, வாசல் தெளிக்கவோ, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவோ, நடக்கவோ வெளியே சென்றுவிடுங்கள். இரவில் அதற்கு மாறாக, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறைத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும்.

இனி, வடக்கே தலை வைக்கலாமா என்ற கேள்வி. "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்ற பழைய வாக்கை நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்டிருப்போம். வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலையைத்தான் கொய்து வந்து பிள்ளையாருக்குப் பொருத்தினார்கள் என்ற கதையும் கூடவே வரும். அண்மைக் காலத்தில் இந்நம்பிக்கைக்கு அறிவியல் சாயம் பூசி, இரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்கிறார்கள். இரத்தத்தின் இரும்பு ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டிருப்பது. ஆணியைப் போல அது காந்தத்தை நோக்கி ஓடாது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலத்தைவிட அது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்தவரின் இரத்த ஓட்டமே மாறுவதில்லை. ஆனாலும், வடக்கே தலை வைத்தால் மனம் சஞ்சலப்படும் என்றால் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்வதே நல்லது, ஏனெனில் அச்சத்தோடு படுப்பவருக்கு எந்தத் திசையிலும் தூக்கம் வராது. அறை ஒடுங்கியது, வேறு திசைக்கு இடமில்லை என்பவர்கள் கவலையின்றி வடக்கே தலை வைத்துக்கொள்ளலாம்.

திசையைவிட வெப்பம் பெரிய செய்தி. உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால், கைகால்களின் தோலுக்கு இரத்தம் பெருகி உள்வெப்பம் வெளியேறுகிறது. சித்திரை, வைகாசியில் கனத்த நுரை மெத்தை உடல் சூட்டைத் தேக்கிவைக்கும். தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாய் போன்ற கோரைப் பாயும் இலவம்பஞ்சுத் தலையணையும் காற்றை உள்ளே விடுகின்றன. முதுகு ஒத்துழைத்தால் அந்த மாதங்களில் மட்டுமாவது பாய்க்கு மாறிப் பாருங்கள். மூடிய அறையில் மின்விசிறி ஓடினால் உயிர் போகும் என்று தென்கொரியாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 2006இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு வாரியமே கோடைக்கால ஆபத்துகளில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டது. அது உண்மையில்லை என்பதற்கு, ஆண்டு முழுவதும் விசிறிக்கு அடியிலேயே உறங்கும் நாமே நேர்ச் சான்று.

இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். இடக்கை கீழிருக்கப் படு என்ற பெரியவர்களின் அறிவுரையை நான் மனமார ஏற்கிறேன். அப்படிப் படுக்கையில் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து அமைவதால் நெஞ்செரிச்சல் குறைகிறது. இளஞ்சூடான பால் குடிப்பதில் தவறில்லை. அதில் சாதிக்காய் இழைத்துச் சேர்ப்பவர்கள் சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது; அளவு மிஞ்சினால் அது நஞ்சு. அழும் கைக்குழந்தையைத் தூங்கவைக்கச் சாதிக்காயையோ கசகசாவையோ ஊட்டும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். கசகசாவின் மேல் அபின் பாலின் எச்சம் ஒட்டியிருக்கலாம்; குழந்தையின் மூச்சை அது தளர்த்திவிடும்.

கருவுற்ற பெண்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்க வேண்டும் என்பது இன்றும் பல வீடுகளில் சொல்லப்படுகிறது. என் தங்கை தன் ஏழாம் மாதத்தில் ஓர் இரவுக்கு ஏழெட்டு முறை இப்படி எழுந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். பாதித் தூக்கத்தில் அறியாமல் புரண்டுவிட்ட ஒரு நாள், விடியும்வரை அழுதாள். குழந்தை நீருக்குள் தானே அசைந்து திரும்புவதால்தான் கொடி சுற்றுகிறது. தாய் புரள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கொடி சுற்றிய குழந்தைகளில் பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கிறார்கள். 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு, வேண்டும்போது புரண்டு படுங்கள்.

நள்ளிரவில் விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் கண் மூடவில்லை என்று தோன்றினால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்து, பரபரப்பில்லாத எதையேனும் படித்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிச் சென்று படுங்கள். தூக்கமின்றிப் புரளும் இடமாகப் படுக்கையை மூளை பழகிவிடாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. முதல் சில இரவுகள் கடினமாக இருந்தாலும் பகலில் தூங்கி ஈடுசெய்யாமல், வழக்கமான நேரத்திலேயே எழுந்துவிட வேண்டும்.

விழித்த பின்னும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்திருப்பதாகத் தோன்றுவதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலையணைக்கடியில் இரும்புத் துண்டோ துடைப்பமோ வைப்பார்கள். கனவு காணும் உறக்கத்தில், கனவுக்கு ஏற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி விலகுமுன் அறிவு விழித்துக்கொள்வதுதான் இது. சில நொடிகளில் அல்லது ஓரிரு நிமிடங்களில் தானே நீங்கிவிடும். மூச்சை நிதானமாக விட்டு, ஒரு விரல் நுனியை அசைக்க முயலுங்கள். தூக்கக் குறைவாலும், நேரம் தவறிப் படுப்பதாலும், மல்லாந்து படுப்பதாலும் இது மிகுதியாக வருகிறது என்பதால், இரும்பை எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தால் போதும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதும் இதே உறக்கத்தைச் சார்ந்தது. இரவின் பிற்பகுதியில் கனவு உறக்கம் நீள்கிறது. அதிலிருந்து நேராக விழிப்பதால் வைகறைக் கனவுகளே நினைவில் தங்குகின்றன.

குறட்டை விட்டால் அயர்ந்து தூங்குகிறார் என்று நினைப்பதே இவை எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. குறட்டை திடீரென நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது உறக்க மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். அப்படி உறங்குகிறவருக்குத் தன் நிலை தெரியாது. அருகில் படுத்திருப்பவர்தான் கவனித்து, கைப்பேசியில் அந்த ஒலியைப் பதிவுசெய்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.