ஆஸ்பிரின் குடிக்கும் பிள்ளையின் மலத்தைப் பார்ப்பது எப்படி

என் மகனுக்கு நாலு வயதில் கவாசாக்கி வருத்தம் வந்தது. விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. 1967இல் ஜப்பானிய டாக்டர் டொமிசாக்கு கவாசாக்கி எழுதி வைத்த நோய் இது. இரத்தக் குழாய்கள் அழற்சியாகும். பேராதனை ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, ஆஸ்பிரினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இருதயக் குழாயில் இரத்தம் கட்டாமல் இருக்க அது வேண்டும். ஆனால் அதுவே வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கவும் கூடும்.

அதனால் தினமும் மலத்தைப் பாருங்கள். எங்கள் தோட்டத்து லயத்துக் கக்கூஸில் பகலிலும் இருட்டு. நான் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கவைத்து, வாசல் வெளிச்சத்தில் பார்ப்பேன். தார் மாதிரிக் கறுத்து, ஈர்க்குச்சியில் ஒட்டி இழுபட்டு, வழக்கமில்லாத கெட்ட வாடை அடித்தால் அது வயிற்றில் கசிந்த இரத்தம். வாந்தி கோப்பித்தூள் போல இருந்தாலும் அதேதான். சிவப்பாக இரத்தம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து சிரப்பும் கறுப்பாக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, நாறாது. பீட்ரூட் கறி ஆக்கிய மறுநாள் சிவப்பைப் பார்த்து நான் அழுதேவிட்டேன், அது வேறு கதை.

எங்களுக்கு வினை வந்தது ஒரு பாமசியில். காய்ச்சலுக்கு மருந்து கேட்டேன், ஐபுபுரோஃபன் பாணி தந்தார்கள். ஆஸ்பிரின் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டப்பாவில் தார். இரண்டும் சேர்ந்தால் கசிவு கூடும், ஆஸ்பிரின் வேலையும் கெடும் என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். இப்போது எங்கே போனாலும் முதலில் கிளினிக் கொப்பியை நீட்டுவேன். கொப்புளிப்பான் அம்மை, இன்ஃபுளுவென்சா அக்கம்பக்கத்தில் வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினோடு அவை சேர்ந்தால் ஈரலும் மூளையும் பாதிக்கப்படலாம்.

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிளேன்டீயோடு கொடுத்த ஆள்தான் நானும். இப்போது ரொட்டி தின்ற பிறகுதான்.

கறுப்பைக் கண்டால் அடுத்த வேளை ஆஸ்பிரினைக் கொடுக்காமல், மருந்துகளையும் மலத்தின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தும் குடிக்கும் பிள்ளை என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் வேறு ஆபத்து. முகம் வெளுத்து, கை சில்லிட்டு, பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தால், அல்லது இரத்தமாக வாந்தி எடுத்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. தோட்டப் பெயரோடு எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்றும் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள்.