மழலையர் வகுப்பில் விடுமுறைச் சங்கிலி: நான் செய்யும் முறை

பண்டிகை விடுமுறை நெருங்கிவிட்டால் மழலையர் வகுப்பில் பாடம் ஓடாது. இதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆண்டு, குழந்தைகளின் துள்ளலுக்கு அணை போடுகிறேன் பேர்வழி என்று நாளுக்கு ஐந்து செயல்பாடுகள் திட்டமிட்டேன். மூன்றாம் நாள் மாலை தரையெங்கும் ஜிகினாத்தூள், தலைமுடியில் பசை, பாதி வெட்டிய நட்சத்திரங்கள் ஒரு கூடை. கற்றது என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே ஒரு காகிதச் சங்கிலியைக் கையில் எடுத்தேன். எண்ணுவது, கழிப்பது, கிழமைகள், விரல் வேலை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும்.

நான்கு முதல் ஆறு வயது வரையிலான 24 குழந்தைகள் உள்ள வகுப்பை மனத்தில் வைத்து எழுதுகிறேன். குழுக்களாகப் பிரிப்பது, மேசை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு நாளில் ஒரே ஒரு மேசையில்தான் புதிய வேலை இருக்க வேண்டும். மற்ற மேசைகளில் கட்டைகள், படப் புத்தகங்கள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே பழகியவை இருக்கட்டும். நான்கு மேசையிலும் புதியதை வைத்தால் நான்கு மேசையிலிருந்தும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

தேவையானவை

வண்ணக் காகிதம், குளூ ஸ்டிக், நுனி மழுங்கிய கத்தரிக்கோல், துணி காயப்போடும் கிளிப்புகள். கிளிப் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

காகிதம் அச்சடிக்கும் தாளின் கனத்தில், அதாவது 80 அல்லது 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அளவில் இருந்தால் போதும். சார்ட் அட்டை வேண்டாம். அது விறைப்பாக இருப்பதால் வளைத்து ஒட்டியதும் விருட்டென்று பிரிந்துகொள்ளும். குழந்தை தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். ஸ்டேப்ளரும் வேண்டாம். பின் தரையில் விழும், விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. ஜிகினாத்தூளைப் பற்றி என் கருத்து முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தூளாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்குத் தடை கொண்டுவந்தது, அது நுண்பிளாஸ்டிக் என்பதால். என் காரணம் அவ்வளவு உயர்ந்ததில்லை, பெருக்குபவள் நான்.

படி 1: பட்டைகள் வெட்டுவது

ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் 3 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் 9 பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 21 சென்டிமீட்டர் நீளம். 2 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் காகிதம் மிச்சமாகும் என்று தோன்றும். செய்யாதீர்கள். சின்ன விரல்களுக்குள் அது முறுக்கிக்கொள்ளும்.

ஒரு குழந்தைக்கு 12 பட்டைகள் என்றால் வகுப்புக்கு 288, 32 தாள்கள். ஏன் 12 என்றால், இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் மீதமில்லாமல் பிரியும் எண் அது. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று கோத்தாலும், சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கோத்தாலும் அமைப்பு நடுவில் அறுந்து நிற்காது. முதலில் பத்துப் பத்தாகக் கொடுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டவள் நான். மூன்று நிற அமைப்பு போட்ட குழந்தை கடைசியில் ஒற்றைச் சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதி எங்கே?" என்று கேட்டது.

குழந்தைகளே வெட்டட்டும் என்று ஆசைப்பட்டால் முழுத் தாளையும் கொடுத்துவிடாதீர்கள். 21 சென்டிமீட்டர் நேர்கோடு நான்கு வயதுக்கு நெடும்பயணம். முதலில் ஒரே நறுக்கில் துண்டாகும் குறுகிய பட்டை, பிறகு நேர்கோடு, அதற்குப் பிறகுதான் வளைவு. கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டி, "வெட்டும்போது ஸ்டிக்கர் கூரையைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நூறு முறை கையைத் திருப்பி வைத்த வேலை மிச்சம்.

படி 2: கோப்பது

இதைப் படியாகச் சொல்வதற்கே முன்பு எனக்குத் தோன்றவில்லை. முதல் பட்டையை வளைத்து நுனிகளை ஒட்டினால் வளையம். அடுத்த பட்டையை அந்த வளையத்துக்குள் விட்டு ஒட்டினால் சங்கிலி. இதில் விளக்க என்ன இருக்கிறது? செய்து காட்டினேன், தலையாட்டினார்கள், அவரவர் இடத்துக்குப் போனார்கள். கால் மணி நேரத்தில் மேசை நிறையத் தனித்தனி வளையங்கள். ஒன்றோடொன்று சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. ஒரு பையன் பன்னிரண்டையும் கையில் வளையல்போல அடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

அவர்கள் பார்த்தது என் கை வளைப்பதையும் ஒட்டுவதையும் மட்டும்தான். நடுவில் நுழைவது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. இப்போது அந்த ஒரு நொடியை ஒரு விளையாட்டாக்கிவிட்டேன். பசையைத் தொடும் முன்னால், ஒட்டிய வளையத்துக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்து, "சுரங்கத்துக்குள் ரயில்" என்று சொல்லச் சொல்வேன். பிறகு விரல் போன வழியில் பட்டை போகும். பட்டை சுரங்கத்துக்குள் தொங்கும்போது கையை எடுத்துவிட்டு எல்லோரும் எனக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பசை. இந்த நிறுத்தம் இல்லாவிட்டால் மறுபடியும் வளையல்தான்.

ஒட்டிய இடத்தைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நான்கிலேயே விட்டுவிடுவார்கள். இங்கேதான் துணிக் கிளிப் வருகிறது. ஒட்டிய இடத்தில் கிளிப்பை மாட்டிவிட்டு அடுத்த பட்டைக்குப் போகலாம். கிளிப்பை அழுத்தித் திறப்பது பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்பதால், நான் இதை எந்த விலையுயர்ந்த கற்றல் கருவியைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

முடிந்ததும் குழந்தைகள் சங்கிலிகளை ஒப்பிடத் தொடங்குவார்கள். ஒன்று நீட்டிக் கிடக்கும், இன்னொன்று குவிந்து கிடக்கும். இரண்டிலும் பன்னிரண்டுதான் என்று எண்ணிய பிறகும், "என்னுடையதில்தான் அதிகம்" என்று நீட்டி வைத்த குழந்தை சொல்லும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, பொருள்களின் வரிசைகளை அகட்டியும் நெருக்கியும் வைத்துக் குழந்தைகளிடம் கேட்டது இதே கேள்வியைத்தான். இந்த வயதில் அப்படித்தான் பதில் வரும், திருத்த முயலாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு, வளையத்துக்கு வளையம் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 3: நாள் சங்கிலி

இது வகுப்புக்குப் பொதுவாக ஒன்றே ஒன்று. குழந்தைகளின் சங்கிலி அலங்காரத்துக்கு; இது விடுமுறைக்கு எத்தனை நாள் என்று எண்ணுவதற்கு. என்னை இரண்டு முறை குப்புறத் தள்ளியது இந்தப் படிதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் தவறு, சனி ஞாயிறை விட்டுவிட்டது. பள்ளி நாட்களுக்கு மட்டும் வளையம் போட்டேன். திங்கட்கிழமை ஒரு சிறுமி, "வீட்டு நாட்காட்டியில் இரண்டு நாள் குறைந்துவிட்டதே, இங்கே மட்டும் ஏன் குறையவே இல்லை?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் இரண்டு நாள் கழிந்திருக்கிறது. என் சங்கிலியில் ஒன்றும் நகரவில்லை. அவள் கேட்டதுதான் சரி. இப்போது வார இறுதிக்கு வெள்ளை வளையம் போடுகிறேன்.

இரண்டாவது தவறு கிழிக்கும் நேரம். காலையில் வந்ததும் கிழிப்பது உற்சாகமாக இருக்கும் என்று அப்படியே செய்தேன். கடைசி வேலை நாளன்று காலையில் கடைசி வளையமும் போய்விட்டது. சங்கிலி இல்லை என்றால் விடுமுறை என்று இரண்டு வாரம் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள் மூன்று பேர். ஒரு குழந்தை அழுதது. வளையம் என்பது முடிந்த ஒரு நாள். எனவே நாள் முடிந்த பிறகுதான் அதைக் கிழிக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கிழியுங்கள்.

ஆக, கணக்கு இப்படி. திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வார வெள்ளி வரை 12 வளையங்கள்: ஐந்து வண்ணம், இரண்டு வெள்ளை, ஐந்து வண்ணம். முதல் வெள்ளி மாலை கிழித்ததும் ஏழு மிச்சம் இருக்கும். திங்கள் காலை மட்டும் விதிவிலக்கு. வந்தவுடன் இரண்டு வெள்ளை வளையங்களைச் சேர்த்துக் கிழிப்போம். ஏழில் இரண்டு போனால் ஐந்து. கழித்தலை இதைவிட நன்றாக எந்தப் பயிற்சித் தாளிலும் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த இரண்டு நாளையும் அவர்கள் வீட்டில் இருந்து கழித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். செய்து பார்த்தேன். நடு வாரத்தில் அந்தச் சங்கிலியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிழிக்கும்போது கேட்க ஒரே ஒரு கேள்வி: "இப்போது எத்தனை மிச்சம்?" பதிலை விட, குழந்தை அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கவனியுங்கள். சிலர் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுவார்கள். சிலர் "நேற்று ஐந்து, ஆகையால் நான்கு" என்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தால் விடுமுறைக்குப் பிந்தைய பாடத்திட்டம் பாதி தயார். சில குழந்தைகள், "இரண்டிரண்டு வளையமாகக் கிழித்தால் விடுமுறை சீக்கிரம் வருமா?" என்று கேட்பார்கள். இதற்கு இன்னும் நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. எல்லா வீடுகளிலும் அதே பண்டிகை இருக்காது. அதனால் சங்கிலியில் பண்டிகையின் பெயரை எழுதாமல் "விடுமுறை" என்று மட்டும் எழுதுகிறேன்.

படி 4: காகிதக் கூண்டு விளக்கு (நேரமிருந்தால்)

தாளை நீளவாட்டில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து கோடு கோடாக வெட்டி, விரித்துச் சுருட்டி ஒட்டினால் கூண்டு விளக்கு. திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் கையில் கிடைப்பது தோரணம். மடிப்பில் ஒரு வண்ணக் கோடும், எதிர் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு "நிறுத்து" கோடும் போட்டுக் கொடுங்கள். மழலையர் பள்ளிக்கு 1840இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல், காகிதம் மடிப்பதையும் வெட்டுவதையும் பின்னுவதையும் தன் கல்வி முறையிலேயே வைத்திருந்தார். நாம் ஏதோ பொழுதுபோக்குக்காகச் செய்வதாக யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லலாம்.

உள்ளே பேட்டரி விளக்கு வைப்பதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று: அந்தச் சிறிய விளக்குகள் பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருந்தாலொழிய வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். நான் விளக்கே வைப்பதில்லை. உள்ளே மஞ்சள் தாளைச் சுருட்டி வைத்தால் போதுமான வெளிச்சம் வருகிறது, குழந்தைகளின் கண்ணுக்கு.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஓர் ஆசிரியை, வகுப்பில் ஒரு குழந்தைக்கு மட்டும் எப்போதும் தாள் மடங்கிக்கொள்கிறது, வெட்டவே இல்லை என்று எழுதியிருந்தார். இடக்கைக் குழந்தையா என்று கேட்டேன்; ஆமாம். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறைந்துவிடும். இடக்கைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. ஒன்றாவது வாங்கி வையுங்கள். எனக்கே இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொருவர், வகுப்பில் 24 பேர், வளையம் 12தான், யார் கிழிப்பது என்று சண்டை வருகிறது என்றார். இருவர் இருவராக விடுங்கள். ஒருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கிழிக்க வேண்டும். வெள்ளை வளையங்களோடு சேர்த்து எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். அன்று வராத குழந்தைக்கு அந்தக் கிழிந்த பட்டையை எடுத்துவைத்து, பின்புறம் அதன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.