கனடிய இதழ்களில் பயணக் கட்டுரைக்கு இடம் தேடுதல்

கனடாவில் பயண இதழ்கள் மட்டுமே பயணக் கட்டுரைகளை வெளியிடுகின்றன என்று எண்ணித் தேடினால் பட்டியல் விரைவில் தீர்ந்துவிடும். முதலில் வட்டார இதழ்களைப் பாருங்கள்: அட்லாண்டிக் மாகாணங்களுக்கான ‘சால்ட்ஸ்கேப்ஸ்’, யெல்லோநைஃபிலிருந்து வரும் வடபுல இதழான ‘அப் ஹியர்’, மேற்குக் கரைக்குரிய ‘பிரிட்டிஷ் கொலம்பியா மேகசின்’ ஆகியவை தத்தம் நிலப்பரப்பையே பேசுபவை என்பதால், நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் துறைமுகத்தைப் பற்றிய கட்டுரையை யெல்லோநைஃபுக்கு அனுப்புவது வீண் வேலை. வாகன ஓட்டிகள் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு அனுப்பும் இதழ்களையும் தேடுங்கள். கடைகளில் தென்படாததால் பலர் இவற்றைக் கவனிப்பதே இல்லை.

பின்னர், எழுத்தாளர்களுக்கான வழிகாட்டுக் குறிப்புகளைப் படித்து, அண்மை இதழ்களில் உள்ள கட்டுரையாளர் பெயர்களை ஆசிரியர் குழுவின் பட்டியலோடு ஒப்பிட்டால், எந்தப் பகுதிகள் வெளியாருக்குத் திறந்திருக்கின்றன என்பது புலப்படும். பெரும்பாலான ஆசிரியர்கள் முழுக் கட்டுரையைவிட எழுதவிருப்பதைச் சுருக்கிச் சொல்லும் ஒரு பக்கக் கருத்துருவையே விரும்புகின்றனர். ராக்கி மலைச் சுற்றுலாத் தலமான பான்ஃபைப் பற்றி ‘பான்ஃப் அழகானது’ என்பது கருத்துரு ஆகாது. யாரைப் பற்றி, எதற்காக, ஏன் இப்போது எழுதுகிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பனிச்சறுக்குக் கட்டுரையைக் கோடையிலோ அதற்கும் முன்போ முன்மொழியுங்கள். சுற்றுலா அமைப்பின் செலவில் சென்றிருந்தால் அதை முதலிலேயே தெரிவியுங்கள், ஏனெனில் சில இதழ்கள் அத்தகைய பயணங்களை ஏற்பதில்லை. ஒப்பந்தம் வந்ததும், வட அமெரிக்காவில் முதன்முறையாக வெளியிடும் உரிமையை மட்டுமே தருகிறீர்களா, கட்டுரை கைவிடப்பட்டால் எவ்வளவு தொகை கிடைக்கும் என்பவற்றைக் கையெழுத்திடுமுன் பாருங்கள்.