சிமுலேட்டரில் ஹெலிகாப்டரை இறக்கும்போது செய்யும் தவறுகள்

விமானம் ஓட்டிப் பழகிய கைதான் ஹெலிகாப்டரில் அதிகம் தடுமாறும். விமானத்தில் ஸ்டிக்கை விட்டாலும் அது தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். ஹெலிகாப்டர் அப்படி விட்டுவைக்காது. ஆனாலும் கையைக் குறை சொல்வதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். பல விபத்துகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

முதலில் டெட்ஸோன், அதாவது ஸ்டிக்கை அசைத்தாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாத நடுப்பகுதி. அந்தரத்தில் நிலையாக நிற்பதற்கு, அதாவது ஹோவருக்கு, ஹெலிகாப்டரை நான்கு பக்கமும் சாய்க்கும் சைக்ளிக் ஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர்தான் அசைக்க வேண்டும். 5 சதவீத டெட்ஸோன் வைத்தால் அந்த அசைவு முழுவதையும் அது விழுங்கிவிடும். அதைத் தாண்டியதும் ஹெலிகாப்டர் வெடுக்கென்று சாயும். பூஜ்யத்தில் வையுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கி ஓரங்களைக் கூர்மையாக்கும் கர்வையும் கண்டபடி ஏற்ற வேண்டாம். ஹோவரில் ஸ்டிக் நடுவில் இருப்பதில்லை, சற்று ஒதுங்கியே நிற்கும். கர்வ் அதிகமானால் சரியாக அந்த இடத்தில்தான் உணர்திறன் ஏறும்.

த்ராட்டில் லீவரைக் கலெக்டிவாக, அதாவது ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோலாகப் பயன்படுத்துபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிஜத்தில் கலெக்டிவை மேலே இழுத்தால்தான் ஹெலிகாப்டர் எழும்பும். அதனால் லீவரை உங்கள் பக்கம் இழுத்தால் கலெக்டிவ் ஏறும்படி அச்சைத் தலைகீழாக்கிவிடுங்கள். இரண்டாவது இன்னும் மோசம்: அதே லீவர் இன்ஜின் த்ராட்டிலுக்கும் இணைந்திருப்பது. இறங்குவதற்காகக் கலெக்டிவைக் குறைத்தால் இன்ஜினும் சேர்ந்து அடங்கும், மேலே சுழலும் ரோட்டரின் வேகம் சரியும், அப்புறம் எதை இழுத்தும் பயனில்லை. அந்த இணைப்பை நீக்கிவிட்டு த்ராட்டிலை முழுதாகத் திறந்து வையுங்கள். சுழற்சி வேகத்தை கவர்னர் என்ற தானியங்கி அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது மூக்கை இட வலமாகத் திருப்பும் பெடல். பெல் 407, ஹியூயி, ராபின்சன் ஆர்22 ஆகிய மூன்று ஹெலிகாப்டர்களிலும் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். கலெக்டிவை ஏற்றினால் மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது பெடல் வேண்டும். கிம்பல் கப்ரி ஜி2, எம்ஐ-8 இரண்டிலும் இது நேர்மாறு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2022 நவம்பரில் பெல் 407, கப்ரி இரண்டும் ஒன்றாக வந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்களின் கால் குழம்பாமல் இருக்குமா? கை பழகும் வரை ஒன்றிலேயே இருங்கள். மூக்கு திரும்பிய பிறகு பெடலை மிதிப்பதும் தவறு. கலெக்டிவ் அசையும் அதே கணத்தில் காலும் அசைய வேண்டும்.

ஹோவரில் எல்லோரும் செய்வது துரத்தல். ஹெலிகாப்டர் இடதுபக்கம் நகர்கிறது, ஸ்டிக்கை வலதுபக்கம் தள்ளுகிறோம், உடனே எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை, இன்னும் தள்ளுகிறோம். பிறகு இரண்டு திருத்தமும் சேர்ந்து வந்து எதிர்ப்பக்கம் அடித்துவிடும். கொஞ்சம் தள்ளுங்கள், ஹெலிகாப்டர் நகர்வதற்குள் அதில் பாதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். கண் காலடியிலோ மீட்டரிலோ இருக்கக் கூடாது. 20, 30 மீட்டர் தள்ளி ஓடுபாதை விளக்கு மாதிரி அசையாத ஒன்றில் நிற்கட்டும். ஹியூயியில் இடது சறுக்குக்கால் தாழ்ந்து தொங்குவது இயல்புதான். வால் ரோட்டர் வலப்பக்கம் தள்ளுவதால் அதை ஈடுகட்ட உடல் சற்று இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதை நிமிர்த்தப் பார்த்தால் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்துவிடும்.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டிக்கின் அப்போதைய நிலையைப் பதிந்துகொள்ளும் ட்ரிம் பட்டனை அழுத்தி விட்டதும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்படியே பிடித்திருந்தால் ஒரே அசைவு இரண்டு முறை கணக்காகி ஹெலிகாப்டர் குதிக்கும்.

இனி இறக்கம். இது கெடுவது பெரும்பாலும் தரைக்கு மிக முன்னால். 300 அடி உயரம், 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வேகம், இறங்கும் இடம் சுமார் 800 மீட்டர் தொலைவில் என்று தொடங்கினால் நேரம் தாராளமாகக் கிடைக்கும். பலர் அதே வேகத்தில் கிட்டே வரை வந்துவிட்டுத் திடீரென்று ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறார்கள். ஹெலிகாப்டர் மேலே எம்பும். எம்பியதை அடக்கக் கலெக்டிவை இறக்குகிறார்கள். இப்போது முன்வேகம் கிட்டத்தட்ட இல்லை, 150 அடியிலிருந்து செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் கலெக்டிவை இழுத்தால் ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மூழ்கும், அதிரும், இன்னும் வேகமாக விழும். இதுதான் வோர்டெக்ஸ் ரிங். வேகம் 30 நாட்டுக்குக் கீழே வந்தால் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 300 அடிக்குள் இருக்கட்டும். இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால், உயரம் இருக்கும்வரை கலெக்டிவைக் கொஞ்சம் குறைத்து ஸ்டிக்கை முன்னே தள்ளி வேகம் பிடித்து வெளியேறுங்கள். சுவிஸ் விமானி க்ளோட் வுய்ஷார் பரப்பிய முறையில் உயரம் குறைவாகவே போகும்: இடஞ்சுழி ரோட்டரில் கலெக்டிவை ஏற்றி, இடது பெடலால் மூக்கை நேராகப் பிடித்து, சைக்ளிக்கை வலதுபக்கம் சாய்ப்பது. 100 அடிக்குக் கீழே எதையும் நம்ப வேண்டாம்.

அடுத்த பொறி 16 முதல் 24 நாட் வரை. இந்த வேகத்துக்கு மேலே புதுக் காற்றில் ஓடுவதால் ரோட்டருக்கு இலவசமாகத் தூக்குவிசை கிடைத்துக்கொண்டிருந்தது. கீழே வந்ததும் அது போய்விடும். 20 அடியில் ஹெலிகாப்டர் திடுதிப்பென்று அமிழும். அமிழ்ந்த பிறகு இழுத்தால் தாமதம். வேகம் 25 நாட்டை நெருங்கும்போதே கலெக்டிவையும் பெடலையும் சேர்த்து மெல்ல ஏற்றத் தொடங்குங்கள். ஹியூயியில் இன்ஜின் தரும் முறுக்குவிசையைக் காட்டும் டார்க் மீட்டர் 50ஐத் தாண்டக் கூடாது. சுமை ஏற்றிக்கொண்டு அதற்கு மேல் இழுத்தால் ரோட்டர் வேகம் குறையும், வால் ரோட்டரும் சேர்ந்து வலுவிழக்கும், மூக்கு வலப்பக்கம் சுழன்றுவிடும். பழகும் வரை பாதி எரிபொருள் போதும்.

3 அடி ஹோவருக்கு வந்தாயிற்று என்றால் அவசரம் இல்லை. கலெக்டிவை மயிரிழை மயிரிழையாக இறக்குங்கள். ஹியூயியில் இடது சறுக்குக்கால் முதலில் தொடும். தொட்டதும் விட்டுவிடாமல் மற்றதும் அமரும் வரை அதே சீரில் இறக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தபடி தொட்டால் கால் தரையில் மாட்டி, அதை அச்சாகக் கொண்டு முழு ஹெலிகாப்டரும் கவிழும். சாயத் தொடங்கியதும் தூக்கிவிடலாம் என்று கலெக்டிவை இழுப்பவர்கள் கவிழ்வதை வேகப்படுத்துகிறார்கள்; அதை நிதானமாக இறக்குவதே வழி.

பழக டிசிஎஸ்ஸில் இலவசமாகவே வரும் காகசஸ் வரைபடத்தில் பதூமி ஓடுபாதை தாராளம். முதலில் காற்றே இல்லாமல், பிறகு எதிர்காற்று 5 நாட் வைத்து. வாலில் காற்றை வாங்கிக்கொண்டு இறங்காதீர்கள். தரையைப் பார்த்தால் வேகம் இருப்பதுபோல் தோன்றும், ரோட்டருக்கோ காற்றில் வேகம் இருக்காது. மாடி ஹெலிபேடுகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தரைக்கு அருகில் ரோட்டருக்குக் கிடைக்கும் மெத்தைக் காற்று, கூரை விளிம்பைத் தாண்டி உள்ளே வரும் வரை அங்கே கிடைக்காது.